பச்சை பீரோவில் இருக்கும் உன் ஒரிஜினல்கள்

அருள்,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பதும் தெரியும், அதற்கு யார் காரணம் என்பதும் தெரியும். பதினோரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. நேற்று மத்தியானம் சாந்தோமிலிருந்து பஸ் மாறி ஆதம்பாக்கம் வந்து உன் வீட்டு பெல்லை அழுத்தினேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. உன் செருப்பு வாசலில்தான் கிடந்தது. கதவு திறக்கவில்லை. அரைமணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். பெற்ற பிள்ளை வீட்டு வாசலில் கூரியர்காரன் மாதிரி நின்றுவிட்டு வந்தவளுக்குக் கோபம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. பயம்தான் வருகிறது. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அரசுக் கல்லூரி வேலைக்கு உனக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. அன்று ஒரிஜினல்களைக் கையில் கொண்டுபோய்க் காட்டாவிட்டால் உனக்கு அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் தொடங்கி டாக்டர் பட்டம் வரை எல்லாமே தி.நகரில் ஒரு பச்சை பீரோவுக்குள் இருக்கின்றன. உள்ளே வைத்துப் பூட்டியவள் நான்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் எழுதவில்லை. அந்த பீரோவில் தங்கள் கவரை வைத்திருக்கும் எல்லா ஆசிரியர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. இதை போட்டோ எடுத்து அதில் போடப் போகிறேன். அவர்கள் என்னைத் திட்டட்டும், அதற்கு நான் தகுதியானவள்தான். ஆனால் முதலில் நீ படி, கடைசி வரை படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு, பிடிக்காத பாடம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டு மெரினா பக்கம் ஓடிவிடுவாய்.

இருபத்தாறு வருஷம் தி.நகரில் அந்தக் காலேஜ் டிரஸ்ட் ஆபீசில் இருந்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்து சூப்பரின்டென்டென்ட் ஆனேன். அப்போது அது ஒரே ஒரு என்ஜினியரிங் காலேஜ். பிறகு மூன்றாகி, பல்கலைக்கழகம் என்று போர்டு மாட்டினார்கள். நான் சேர்ந்த நாலாவது வருஷம் என்று நினைக்கிறேன், கணக்கு வாத்தியார் ஒருவர் நடு செமஸ்டரில் சொல்லாமல் கொள்ளாமல் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். அடுத்த வாரமே இன்ஸ்பெக்ஷன். ஆசிரியர் எண்ணிக்கையில் ஒருவர் குறைந்ததால் ஒரு கோர்ஸுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சேர்மன் ஆபீசையே இரண்டாக்கினார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது நான்தான் வாயைத் திறந்தேன். "ஐயா, வேற காலேஜ்ல எல்லாம் சேரும்போதே ஒரிஜினலை வாங்கி வச்சிக்கிறாங்களாம். அப்புறம் யாரும் நடுவுல ஓட மாட்டாங்க." யாரும் என்னிடம் யோசனை கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். சேர்மன் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நல்ல யோசனை. நீயே பாத்துக்கம்மா" என்றார். அன்று ரொம்பப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன், வழியில் மயிலாப்பூர் குளத்தருகே இறங்கி உனக்கு ஜாங்கிரி வாங்கினேன். நீ ஒன்றாம் வகுப்பு.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பங்குப் பள்ளியில் வாத்தியார், சட்டைப்பையில் சாக்பீஸ் தூள் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அடுத்தவன் படிப்ப வாங்கிப் பூட்டி வைக்கிறதா? அது அடகுக்கடை வேலைடி. அதுக்கு நீ யோசனை வேற சொன்னியா?" எனக்குச் சுருக்கென்றது. ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. நீங்கள் சாக்பீஸ் பிடித்தே காலத்தை ஓட்டிவிட்டீர்கள், நான் முன்னுக்கு வருவது பொறுக்கவில்லை என்றுகூடச் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. மன்னிப்புக் கேட்க இப்போது கீழ்ப்பாக்கம் கல்லறைக்குத்தான் போக வேண்டும்.

எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது எனக்கு. அதுதான் என் பீற்றலும் என் சாபமும். பச்சை பீரோவை நானே கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கி வரச் செய்தேன். துறைக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டினேன், இயற்பியலுக்கு நீலம், வேதியியலுக்கு மஞ்சள். பூச்சி அரிக்காமல் ரசகற்பூர உருண்டை போட்டேன். கவரை வாங்கியதும் ரோஸ் நிறச் சீட்டில் என்னென்ன வாங்கினேன் என்று வரிசையாக எழுதி, "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். சேர்மன் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். சீல் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எதுக்கும்மா, உன் கையெழுத்தே போதாதா?" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்ட முட்டாள் நான். மகனே, உன் வாழ்க்கையில் எந்தப் பெரிய மனிதராவது "உன் கையெழுத்தே போதும்" என்று சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடு.

வேதியியல் பாடம் எடுத்த ஒரு பெண்ணை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். கோயம்புத்தூரில் நல்ல இடத்தில் வேலை கிடைத்து, திங்கட்கிழமைக்குள் ஒரிஜினலோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் மேஜைக்கு முன்னால் நின்று, "மேடம், ரெண்டு நாளைக்குக் குடுங்க, காட்டிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடறேன்" என்று அழுதாள். வயிற்றில் பிள்ளை வேறு. நான் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், "செமஸ்டர் முடியட்டும்மா, ரூல்" என்றேன். அந்த ரூலைச் செய்தவளே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அன்று வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்துச் சாப்பிட்டுத் தூங்கினேன். வருஷா வருஷம் தவக்காலத்தில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். பக்கத்து வீட்டோடு சண்டை போட்டது, பூசைக்குத் தாமதமாகப் போனது என்று துருவித் துருவிச் சொல்லியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மறைக்கவில்லை அருள், இது பாவம் என்றே தோன்றவில்லை.

ஏழுமலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபீஸ் அட்டெண்டர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அடையாற்றங்கரையில் குடிசை. அந்த டிசம்பர் வெள்ளத்தின்போது ஆபீஸ் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. நானும் அவரும்தான் இருந்தோம். "மேடம், மொதல்ல இத்த மேல ஏத்திருவோம். ஜனங்க படிச்சி வாங்கின காயிதம்" என்று சொல்லி, முழங்கால் தண்ணீரில் ஏறி இறங்கி அத்தனை கவரையும் மாடிக்குத் தூக்கினார். "உங்க வீடு?" என்று கேட்டேன். "வூடு எங்க போவப் போவுது, கீது மேடம்" என்றார். அவர் திரும்பிப் போனபோது வீடு இல்லை. வீட்டாட்கள் பள்ளிக்கூடத்து மாடியில் தப்பித்துக்கொண்டார்கள், ஆனால் ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட் எல்லாம் ஆற்றோடு போய்விட்டது. அந்தப் பெண் அதற்கப்புறம் படிக்கவில்லை. அவர்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். சேர்மன் ஒரு கவர்கூட நனையாததற்கு என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நான் ஏழுமலை பெயரையும் சொன்னேன். சொன்னேன், அவ்வளவுதான்.

பிறகு நீ. டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். நம் பல்கலைக்கழகத்திலேயே சேர் என்று உன்னை இழுத்தவள் நான்தான். அசோக் நகரில் வேறொரு காலேஜ்காரர்கள் கூப்பிட்டபோது, "அங்க ஜெராக்ஸ் போதும்னு சொல்றாங்கம்மா" என்று நீ சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. அம்மாவும் பிள்ளையும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதுதான் என் புத்தியில் இருந்தது. சேருகிற நாளில் கவரை நீட்டத் தயங்கினாய். ஆபீசில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என் பிள்ளைக்கு ஒரு சட்டம், ஊரான் பிள்ளைக்கு ஒரு சட்டமா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே கொடுத்தாய். ரோஸ் சீட்டை வாங்கிக்கொண்டு, "திருப்பிக் குடுத்துடுவீங்கல்ல மேடம்?" என்று கேலி செய்தாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

இனி, நம் பல்கலைக்கழகம் எப்படிக் கைமாறியது என்பதை நான் பார்த்தபடி சொல்கிறேன். வெளியில் இருப்பவர்கள், ஒரு பல்கலைக்கழகத்தை இன்னொன்று வாங்கிவிட்டது என்று கடையை வாங்குவது போலப் பேசுகிறார்கள். டிரஸ்டை யாரும் விற்க முடியாது. அதனால் விற்காமல் விற்றார்கள். காலையில் பழைய டிரஸ்டி ஒருவர் உடம்பு சரியில்லை என்று ராஜினாமா எழுதுவார், மத்தியானம் நம்மை வாங்க வந்த பெரிய பல்கலைக்கழகத்தின் ஆள் ஒருவர் அந்த இடத்தில் உட்காருவார். நாலு நாளில் ஏழு பேருக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. ராஜினாமா ஒவ்வொன்றையும் நான்தான் டைப் அடித்தேன். "ஒரே மாதிரி எழுதாதீங்கம்மா, வேற வேற வியாதி போடுங்க" என்று டிரஸ்ட் வக்கீல் சொன்னார். இரண்டு பல்கலைக்கழகமும் ஒன்றாகும் என்றார்கள். ஒன்றானால் ஒரே பாடத்துக்கு இரண்டு துறை எதற்கு, யாரை வைப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஆசிரியர்கள் கேன்டீனில் சாப்பாட்டைத் தொடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நீயும்தான். யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. இணைப்புக்கு இன்ஸ்பெக்ஷன் வரும், அதற்கு ஆசிரியர்களின் எண்ணிக்கை வேண்டும். நிலத்தையும் கட்டடத்தையும்விட அந்த பச்சை பீரோவைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள். இன்ஸ்பெக்ஷன் முடிகிற வரை யாரையும் விட மாட்டார்கள், முடிந்த பிறகு யாரையும் கேட்க மாட்டார்கள்.

ஒப்படைப்புப் பட்டியலையும் நான்தான் தயாரித்தேன். மேஜை, நாற்காலி, பஸ், லேப் சாமான் என்று போட்டு, கடைசியில் "ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்கள், ஒரு பீரோ" என்று எழுதியிருந்தேன். வக்கீல் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். "இதெல்லாம் வாங்கி வைக்கவே கூடாதும்மா, ரூல் கிடையாது. எங்ககிட்ட ஒரு ஒரிஜினலும் இல்லைன்னு ரெண்டு பக்கமும் எழுதிக் குடுத்தாச்சு. பீரோவை மட்டும் பீரோன்னு போடுங்க." இத்தனை வருஷமாக நான் ரூல் ரூல் என்று சொல்லிக்கொண்டிருந்தது ரூலே இல்லை என்று அன்றுதான் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். பீரோ இருக்கிறது, உள்ளே இருப்பது இல்லை. சாவி மட்டும் என் கையில் இருந்தது.

இப்போது எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். சாவியை வாங்கிக்கொள்ளப் புதியவர்கள் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணியிலிருந்து நான் தனியாக இருந்தேன். பீரோவைத் திறந்தேன். நீல நூல் கட்டிய அடுக்கில் மூன்றாவது கவர் உன்னுடையது, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு உன் டாக்டர் பட்டத்தைத் தடவிப் பார்த்தேன். என் கைப்பையில் அது நுழையும், அளந்துகூடப் பார்த்தேன். பிறகு திருப்பி உள்ளே வைத்துவிட்டேன். வெளியே கொடுக்க சேர்மனின் உத்தரவு இல்லை, ஒருவனுக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் பதினோரு நாளைக்கு முன்னால் உன்னிடம் சொன்னேனே, அது பாதிதான் உண்மை. மீதியை இப்போது சொல்கிறேன். புதியவர்களின் ஆள் ஒருவர் அதற்கு முந்தின நாள், "உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்கு வேணும் மேடம், ரிட்டயர்மென்ட் பத்திக் கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். ஒரு கவர் குறைந்தால் என் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு நாற்காலிக்கு ஆசைப்பட்டு, பெற்ற பிள்ளையின் படிப்பை என் கையாலேயே திருப்பிப் பூட்டினேன். சாவியைக் கொடுத்த மறு வாரம் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சால்வைகூடப் போடவில்லை.

மூன்று வாரத்தில் உனக்குச் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. அரசு எத்தனையோ வருஷம் கழித்து நடத்திய பரீட்சை, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. நீ முறைப்படி எழுதிக் கேட்டாய். "எங்கள் நிறுவனம் எந்த ஆசிரியரின் அசல் சான்றிதழையும் வைத்திருக்கவில்லை" என்று லெட்டர்ஹெட்டில் பதில் வந்தது. டூப்ளிகேட் வாங்கலாம் என்றால் மாதக்கணக்காகும், அதுவும் தொலைந்துபோனது என்று பொய் எழுத வேண்டும். நான் சும்மா இருக்கவில்லை அருள். அடையாறில் சேர்மன் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "என் பிள்ளை கவரை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க ஐயா, உங்க கால்ல வேணா விழறேன்" என்றேன். உண்மையிலேயே விழப் போனேன். குழாயை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "நான் எதுலயாவது கையெழுத்துப் போட்டிருக்கேனாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு." யோசித்துப் பார்த்தேன். போடவில்லை. ஒன்றில்கூட இல்லை. எல்லாச் சீட்டிலும் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.

புதன்கிழமை ஏழுமலை போன் செய்தார். அவரை மட்டும் இன்னும் வைத்திருக்கிறார்கள், பெருக்க ஆள் வேண்டுமே. "மேடம், அந்த பச்ச பீரோவ மூணாவது மாடில பழைய பேனரு பின்னால தள்ளி வச்சிகீறாங்க. தார்ப்பாய் போட்டு மூடிட்டானுங்க. பூட்ட ஒடச்சி தம்பி கவர எடுத்தாறட்டா?" என்று கேட்டார். சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அங்கே கேமரா இருக்கிறது. மாட்டினால் யாரைப் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒரு தடவை அந்த மனுஷன் நம் காகிதத்தைக் காப்பாற்றப் போய்த் தன் வீட்டுக் காகிதத்தை ஆற்றில் விட்டார். "வேண்டாம் ஏழுமலை. கேட்டா உண்மையைச் சொல்வீங்களா?" என்றேன். "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? எங்க வந்து வேணா சொல்றேன். நா தூக்கின பீரோதான அது" என்றார்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். இத்தனை வயதில் முதல் தடவை. நானே வாங்கினேன், நானே பூட்டினேன், பீரோ இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டுபோய் நீட்டினேன். அங்கிருந்தவர் இரண்டு தடவை படித்தார். "இன்னாம்மா இது, உன் மேல நீயே கம்ப்ளெயிண்ட் குடுக்க வந்துகீற?" என்றார். நான் அழுததைப் பார்த்து உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நல்ல மனுஷன். "பொருள் யாருதோ அவரு வரணும்மா. ரசீது வச்சிருக்கவரு வந்து, இவங்க கைல குடுத்தேன், திருப்பித் தரலன்னு எழுதிக் குடுக்கணும். அப்பதான் நாங்க போய் பீரோவத் திறக்க வைக்க முடியும்" என்றார். வாங்கினேன் என்று நான் சொல்வதற்கு மதிப்பில்லை, நீ கொடுத்தாய் என்று சொன்னால்தான் மதிப்பு.

அதைச் சொல்லத்தான் நேற்று வந்தேன். நீ கோபத்தில் கதவைத் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். இன்று காலை ஸ்டெல்லா வந்தாள். உன் மனைவி உனக்குத் தெரியாமல் வந்தாள், அவளை ஒரு வார்த்தையும் சொல்லாதே. "மம்மி, அவருக்கு உங்க மேல கோவமே இல்ல. போன வாரம் ஒரு வக்கீலைப் பாத்தோம். சீட்டுல உங்க கையெழுத்து மட்டும்தான் இருக்கு, புகார் குடுத்தா உங்க மேலதான் குடுக்கணும்னு சொல்லிட்டார். அந்த ரோஸ் சீட்டைப் பைபிளுக்குள்ள வச்சிட்டு, எனக்கு அந்த வேலையே வேணாம்னுட்டார். உங்க முகத்தைப் பாத்தா உளறிடுவோமோன்னுதான் ஒளிஞ்சிக்கிட்டிருக்கார்" என்றாள். நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அருள். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் ஒருத்திக்காக நீ உன் வேலையை விடுகிறாய் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த வேதியியல் டீச்சருக்குச் செய்ததை இப்போது உனக்கும் செய்து முடிக்கப் பார்க்கிறேன், இந்தத் தடவை நீயே எனக்கு உதவி செய்கிறாய்.

மகனே, உன் மேல் எனக்கு ஏதாவது உரிமை மிச்சம் இருந்தால் அதை வைத்துக் கேட்கிறேன். என் மேல் புகார் கொடு. வியாழக்கிழமைக்குள் பீரோ திறக்குமா என்று எனக்குத் தெரியாது. திறக்காவிட்டாலும், புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் ரசீது தருவார்கள். அதையும் ஜெராக்ஸையும் கொண்டுபோய்ச் சரிபார்ப்பில் காட்டி அவகாசம் கேள். கொடுப்பார்களா, அதுவும் தெரியாது. இதைவிட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை, எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டேன். நீ ஒருவன் எழுதிக் கொடுத்தால் ரோஸ் சீட்டு வைத்திருக்கும் மற்றவர்களும் துணிந்து வருவார்கள். அத்தனை பேரும் என் பெயரையே எழுதட்டும். எனக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடாதே. ஸ்டேஷன்காரர் டீ வாங்கிக் கொடுத்தார், அடிக்க மாட்டார். பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கிவிட்டேன். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைப்பேன். சேர்மன் பெயர் வர வேண்டும் என்றால் என் வாயால்தான் வர வேண்டும், அதற்கும் யாராவது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டால்தான் முடியும்.

புகாரை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவர்களுக்கு லெட்டர் எழுதியவள், இதிலும் ஒரு குறை இருக்காது. தேதி, இடம், கொடுத்த சான்றிதழ்களின் பட்டியல், பீரோ இப்போது இருக்கும் மாடி, பார்த்த சாட்சி ஏழுமலை, எல்லாம் போட்டிருக்கிறேன். என் பெயரைச் சீட்டில் இருப்பது போலவே எழுதி, பக்கத்தில் "அலுவலகக் கண்காணிப்பாளர்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். என் தாயார் என்று எங்கேயும் எழுதவில்லை. நீயும் சேர்க்காதே, அதை எழுத உட்கார்ந்தால் உன் கை ஓடாது. நாளைக்குப் பூசை முடிந்ததும் ஸ்டெல்லா வந்து இதை வாங்கிக்கொண்டு வருவாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் ஸ்டேஷன் வாசலில், வேப்பமரத்தடி பெஞ்சில் இருப்பேன். நீ உள்ளே போகும்போது என் பக்கம் பார்க்காதே. நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வா. போட்டதற்கப்புறம் பார், அருள். அப்போது கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போ.

அம்மா